குறட்டை நல்ல தூக்கம் இல்லை – இதயத்தையும் கொஞ்சம் கவனிப்போம்



"படுத்தவுடனே குறட்டை, மனுசன் குடுத்து வச்சவரு" என்று நம்ம ஊரில் பேசிக்கொள்வோம். குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று ஒரு நினைப்பு. எல்லாக் குறட்டையும் நோய் இல்லைதான். ஆனால் குறட்டை நடுவில் சட்டென்று நின்று, மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறி எழுந்தால் அது சாதாரணம் இல்லை. டாக்டர்கள் இதை 'ஸ்லீப் அப்னியா' என்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிற நோய்.

'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்துக்கு இசையமைத்த பப்பி லஹரி 2022 பிப்ரவரி 15-ல் மும்பையில் இறந்தார். அவருக்கு வயது 69. வேறு உடல் கோளாறுகளும் இருந்தன. இறப்புக்குக் காரணமாக இந்த நோயை மருத்துவர்கள் சொன்னார்கள். அதன் பிறகுதான் பலருக்கு இந்தப் பேரே தெரிந்தது.

உள்ளே என்ன நடக்கிறது?

தூங்கும்போது தொண்டைச் சதை தளரும், நாக்கு பின்னால் சரியும். சிலருக்கு மூச்சுப் பாதையே அடைத்துவிடும். நெஞ்சு இழுத்துப் பார்க்கும், காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். உடனே மூளை உடம்பை உலுக்கி எழுப்பும். காலையில் இது எதுவும் நினைவில் இருக்காது. பத்து விநாடிக்கு மேல் இப்படி மூச்சு தடைபடுவதைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். மணிக்கு 30 தடவைக்கு மேல் போனால் நோய் முற்றியது. அப்படியானால் ஆறு மணி நேரத் தூக்கத்தில் 180 தடவை!

இதயத்துக்கு என்ன சம்பந்தம்?

ராத்திரி ரத்த அழுத்தம் இறங்கி, இதயத்துக்கு ஓய்வு கிடைக்க வேண்டும். மூச்சு நிற்கும் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் எகிறுகிறது. அடிக்கடி நின்று நின்று ஓடுற தண்ணி மோட்டார் சீக்கிரம் காயில் எரிஞ்சு போகும் இல்லையா? அது மாதிரிதான். நாளடைவில் பகலிலும் பிரஷர் கூடும், இதயத் துடிப்பு தாறுமாறாகும், இதயம் பலவீனப்படும், பக்கவாதமும் வரலாம். பிரஷர், இதய நோய் உள்ளவர்களில் 100-க்கு 40 முதல் 80 பேருக்கு இந்த மூச்சுத் தடை இருப்பதாக அமெரிக்க இதயச் சங்கம் 2021-ல் சொன்னது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால், இதையும் சந்தேகப்பட வேண்டும்.

பெண்களே, நமக்கும் வரும்!

இது ஆம்பளைங்க நோய் என்று விட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு நின்ற பிறகு நமக்கும் கூடுகிறது. பெண்களுக்குப் பெரிய குறட்டை இல்லாமலும் இருக்கும். காலையில் தலைவலி, எந்நேரமும் அசதி, சரியான தூக்கமின்மை என்று வரும். விடியுமுன் எழுந்து, சோறு கட்டி, ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற நாம் "வேலை அலுப்பு" என்று தள்ளிவிடுவோம். அதனால்தான் நோய் தெரியாமல் போகிறது.

கவனிக்க வேண்டியவை:

• தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுத்தவர் பார்ப்பது
• திணறி எழுவது, ராத்திரி பலமுறை சிறுநீர் போவது
• எழுந்ததும் தலைவலி, வாய் வறட்சி
• பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் அசருவது
• உடல் பருமன், தடித்த கழுத்து, பிரஷர், தைராய்டு குறைவு

வீட்டில் ஜீப், லாரி ஓட்டுபவருக்கு இவை இருந்தால் தள்ளிப் போடவே கூடாது. போடிமெட்டு வளைவில் ஒரு நொடி கண் அசந்தால், வண்டியில் இருக்கும் அத்தனை பேர் உயிருக்கும் ஆபத்து.

என்ன செய்யலாம்?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சர்க்கரை பாருங்கள். மூச்சு நிற்கும் விஷயத்தை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்தாலும் மறப்பார். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சு நோய்ப் பிரிவிலோ, காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டி, தூக்கப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

எடையைக் குறைப்பதும், ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும். சாராயம், பீடி, தானாக வாங்கும் தூக்க மாத்திரை ஆகவே ஆகாது. நோய் முற்றியவருக்கு மூக்கில் மாட்டி காற்றை அழுத்தி அனுப்பும் 'சிபாப்' கருவி உண்டு. 1981-ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் இதைக் கொண்டுவந்தார். பகல் தூக்கம் நன்றாகக் குறையும், பிரஷரும் கொஞ்சம் இறங்கும். ஆனால் கருவி மாட்டினால் மாரடைப்பே வராது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். 2016-ல் வெளியான, 2,700-க்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் அப்படி நிரூபணமாகவில்லை. ஆகவே பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பரிசோதனை செய்து டாக்டர் எழுதித் தராமல், குழுக் கடன் எடுத்துக் கருவி வாங்கவும் வேண்டாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், கை கால் செயலிழப்பு என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்த்தவர்கள் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். நம்மால் முடியாதது இல்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க வீட்டில் தூக்கத்தில் யாருக்காவது மூச்சு நிற்குதா?" சிரிப்புச் சத்தம் கேட்கும். கேட்கட்டும். அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒரு அக்கா "ஆமா, எங்க வீட்டில் இருக்கு" என்று சொன்னால், மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.