ஒலிப்பு மாறும் ஆங்கில மெய்கள்

குரல் நாண்கள் அதிரும்போது பிறக்கும் மெய்யை ஒலிப்புடைய ஒலி என்றும், அவை அதிராதபோது பிறப்பதை ஒலிப்பிலா ஒலி என்றும் மொழியியலார் வகைப்படுத்துவர். ஆங்கிலப் பன்மை விகுதியான 'எஸ்' எழுத்தில் ஒன்றாகவே இருப்பினும், பூனையைக் குறிக்கும் சொல்லில் முன்னுள்ள ஒலிப்பிலா மெய்யைத் தழுவி 'ஸ்' என்றும், நாயைக் குறிக்கும் சொல்லில் ஒலிப்புடைய மெய்யைத் தழுவி, வண்டின் ரீங்காரம்போல் அதிரும் 'இசட்' ஒலியாகவும் பேச்சில் வெளிப்படுகிறது; தொண்டையில் விரல் வைத்து இவ்விரு ஒலிகளையும் நீட்டி ஒலித்தால் அதிர்வின் வேறுபாடு புலப்படும். அவ்வாறே, 'வேண்டும்' என்னும் பொருளில் வரும் 'ஹாவ் டு' என்ற தொடர், பின்வரும் ஒலிப்பிலா மெய்யின் சாயலால் 'ஹாஃப் டு' என ஒலிக்கிறது.

சொல்லின் இறுதியில் நிகழ்வதே நுட்பமானது. அங்கு ஒலிப்புடைய மெய்யின் அதிர்வு பெரும்பாலும் தேய்ந்துவிடுவதால், மட்டையைக் குறிக்கும் 'பேட்' என்பதையும் கெட்டதைக் குறிக்கும் 'பேட்' என்பதையும் (தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே) கேட்போர் பிரித்தறிவது இறுதி மெய்யைவிட, பெரும்பாலும் அதற்கு முன்னுள்ள உயிரின் நீளத்தைக் கொண்டே. ஆங்கிலம் பயில்வோர் இரண்டாவது சொல்லின் உயிரைச் சற்று நீட்டி ஒலித்துப் பழகுதல் நன்று.