சட்டைப் பையில் வரும் களை

நல்ல விதை விதைக்கப்பட்ட வயலில், வேலையாட்கள் உறங்கிய வேளையில், பகைவன் வந்து களையைத் தூவிச் சென்ற உவமையை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். அந்தப் பகைவன் வேலியை உடைத்ததாகவோ காவலாளியைத் தாக்கியதாகவோ உவமையில் இல்லை. சந்தடியின்றி வந்தான், விதைத்தான், போய்விட்டான். பயிர் வளர்ந்து கதிர்விட்ட பின்னரே களை கண்ணுக்குத் தெரிந்தது.

நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் தொழிற்கூடங்களிலும் உள்ள கம்ப்யூட்டர்களில் இதே விதமாக விதைக்கப்படும் களை ஒன்று உண்டு. அதை விதைக்கப் பகைவன் நேரில் வருவதுகூட இல்லை. நம்முடைய கையைக் கொண்டே விதைக்கச் செய்கிறான். விரல் நீளமே உள்ள பென் டிரைவ்தான் அவனது விதைப்பெட்டி.

தீமையெல்லாம் இணையத்தின் வழியாகவே வருகிறது என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். “எங்கள் கம்ப்யூட்டருக்கு இணைய இணைப்பே இல்லை, ஆகவே எங்களுக்குப் பயமில்லை” என்று ஆறுதல் கொள்வோரும் உளர். அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

கிருமியும் புழுவும்

கம்ப்யூட்டருக்குக் கேடு விளைவிக்கும் கட்டளைத் தொகுப்புகள் எல்லாவற்றையும் ‘வைரஸ்’ என்று ஒரே பெயரால் அழைப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அவற்றுள் வேறுபாடு உண்டு. வைரஸ் என்பது வேறொரு புரோகிராமோடு ஒட்டிக்கொண்டு வாழ்வது. அந்தப் புரோகிராமை யாராவது இயக்கினால்தான் அதற்கு உயிர் வரும். புழு அப்படியன்று. அது தன்னளவில் முழுமையானது. ஒரு கம்ப்யூட்டரில் இடம் பிடித்துவிட்டால், தன்னைத்தானே நகல் எடுத்து அடுத்ததற்குத் தாவ வழி தேடிக்கொண்டே இருக்கும்.

கையில் எடுத்துச் செல்லும் தட்டின் மூலம் தீங்கு பரவுவது புதிய செய்தியன்று. பொதுமக்களில் பெரும்பாலோர் இணையத்தை அறியாதிருந்த 1986-ஆம் ஆண்டிலேயே, பாகிஸ்தானின் லாகூர் நகரில் பாசித், அம்ஜத் என்ற சகோதரர் இருவர் எழுதிய ‘பிரெயின்’ என்னும் வைரஸ், பிளாப்பித் தட்டுகளின் வழியாகக் கடல் கடந்து சென்றது. தாங்கள் எழுதிய மருத்துவப் புரோகிராமைப் பிறர் திருட்டு நகல் எடுப்பதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக அவர்கள் பின்னர் கூறினர். தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையுங்கூட அதனுள் எழுதி வைத்திருந்தனர்! கைவிட்டு ஒருமுறை போனது பிறகு எவருடைய கட்டுக்கும் அடங்குவதில்லை என்ற பாடத்தை உலகம் அன்றே கற்றது.

புழு நுழையும் மூன்று வழிகள்

பென் டிரைவில் வரும் புழு, மனிதரின் பழக்கத்தையும் இயந்திரத்தின் பழக்கத்தையும் நன்கு அறிந்து செய்யப்பட்டது.

முதல் வழி, இயந்திரத்தின் அவசரம். குறுந்தகட்டைச் செருகியதும் அதிலுள்ள புரோகிராம் தானே தொடங்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு விண்டோஸில் ‘ஆட்டோரன்’ என்றொரு வசதி வைக்கப்பட்டிருந்தது. புழு எழுதியவர்கள் அதையே வாசலாக்கிக் கொண்டனர். 2008 நவம்பரில் தோன்றிய ‘கான்ஃபிக்கர்’ என்ற புழுவின் தந்திரம் குறிப்பிடத்தக்கது. அது முதலில் வலையமைப்பின் வழியே பரவியது. அவ்வாண்டின் இறுதியில் வந்த அதன் இரண்டாம் வடிவம் பென் டிரைவிலும் ஏறிக்கொண்டது. செருகியவுடன் திரையில் தோன்றும் பட்டியலில், ‘போல்டரைத் திறந்து பார்’ என்ற வரியையும் போல்டரின் படத்தையும் அதுவே போலியாக வரைந்து காட்டும். போல்டரைத் திறக்கிறோம் என்று நம்பி அழுத்தியவர் உண்மையில் புழுவை உள்ளே அழைத்தார். பிரெஞ்சுக் கடற்படைகூட 2009-இல் இதனிடம் சிக்கியது. 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் பென் டிரைவுக்கு இந்த வசதி நிறுத்தப்பட்டது. பழைய விண்டோஸ்களுக்கும் 2011 பிப்ரவரியில் திருத்தம் அனுப்பப்பட்டது.

இரண்டாம் வழி, மனிதரின் அவசரம். பென் டிரைவில் நாம் வைத்திருந்த போல்டர்களைப் புழு மறைத்துவிடும். அவற்றின் இடத்தில் அதே பெயர் கொண்ட ‘ஷார்ட்கட்’ ஒன்றை நிறுத்தும். நாம் வழக்கம்போல் அதைத் திறப்போம். புழு முதலில் ஓடும். பிறகு நம் போல்டரையும் திறந்து காட்டும். எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே நமக்குத் தோன்றும்.

மூன்றாம் வழி, இயந்திரத்திலேயே உள்ள குறை. இதற்குப் பெயர் பெற்றது, 2010 ஜூனில் பெலாரஸ் நாட்டுச் சிறு நிறுவனம் ஒன்று கண்டுபிடித்த ‘ஸ்டக்ஸ்நெட்’. விண்டோஸ் ஷார்ட்கட் படத்தைத் திரையில் வரையும் முறையில் ஓர் ஓட்டை இருந்தது. எதையும் திறக்க வேண்டியதில்லை. பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று பார்த்தாலே போதும், புழு உள்ளே புகுந்துவிடும். மைக்ரோசாப்ட் அந்த ஓட்டையை 2010 ஆகஸ்டு 2-ஆம் நாள் அடைத்தது.

இணையம் எட்டாத இடத்திலும்

ஸ்டக்ஸ்நெட்டின் இலக்கு ஈரான் நாட்டு நத்தான்சில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்கள். அவற்றை இயக்கிய கம்ப்யூட்டர்கள் இணையத்தோடு இணைக்கப்படாதவை. ஆயினும் புழு அவற்றை எட்டியது. இணையமில்லாத இடத்திற்குப் பென் டிரைவ் பாலமாயிற்று. அது ஈரானோடு நிற்கவுமில்லை. பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்களை நாடுவாரியாகச் சைமன்டெக் நிறுவனம் கணக்கிட்டபோது, ஈரான், இந்தோனேசியா ஆகியவற்றை அடுத்து மூன்றாம் இடத்தில் நின்றது நம் இந்தியா. எவரையோ நோக்கி எய்யப்பட்ட அம்பு, வழியில் போவோர் மீதெல்லாம் பாய்ந்தது.

நம் நாட்டில் இதனினும் கவலை தந்த செய்தி 2012 ஜூலையில் நாளேடுகளில் வெளியாயிற்று. விசாகப்பட்டினத்தில் கீழைக் கடற்படைத் தலைமையகத்தின் கம்ப்யூட்டர்களில் புழு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. முக்கிய ஆவணங்கள் உள்ள கம்ப்யூட்டர்கள் இணையத்தோடு இணைக்கப்படாமல் தனித்தே வைக்கப்பட்டிருந்தன. பென் டிரைவோ அவற்றுக்கும் மற்றவற்றுக்கும் இடையே சென்று வந்தது. குறிப்பிட்ட சொற்கள் உள்ள ஆவணங்களைப் புழு தேடியெடுத்துப் பென் டிரைவின் மறைவான போல்டரில் சேர்த்து வைத்ததாகவும், அது இணையமுள்ள கம்ப்யூட்டரில் செருகப்பட்டபோது அவற்றைச் சீனாவிலுள்ள முகவரிகளுக்கு அனுப்பியதாகவும் அச்செய்திகள் கூறின. கதவைப் பூட்டியவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றினால் பூட்டினால் என்ன பயன்?

விண்வெளியும் விலக்கன்று. 2008-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட மடிக்கணினிகளில், விளையாட்டுத் தளங்களின் கடவுச்சொற்களைத் திருடும் புழு ஒன்று இருந்ததை நாசா ஒப்புக்கொண்டது.

இது பழங்கதை என்று தள்ளிவிடவும் இயலாது. 2021-இல் முதன்முதலாகக் காணப்பட்ட ‘ராஸ்பெரி ராபின்’ என்ற புழுவும் பென் டிரைவிலுள்ள ஷார்ட்கட் வழியாகவே நுழைந்தது. 2022 அக்டோபரில், முந்திய ஒரு மாதத்திற்குள் மட்டும் ஏறத்தாழ 1,000 நிறுவனங்களில் அதன் தடத்தைக் கண்டதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது.

நம் தெருவில்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நமக்கு இச்செய்தி நெருக்கமானது. 1964-இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நம் பங்குக் குடும்பத்தினர் பலர் உழைத்து உண்கின்றனர். ஒரு சிறு பட்டறையில் கம்ப்யூட்டரால் இயங்கும் கடைசல் இயந்திரம் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதற்கான புரோகிராமை அலுவலக அறையிலிருந்து பென் டிரைவில்தான் எடுத்துச் செல்வர். இத்தகைய இயந்திரங்களில் பழைய விண்டோஸே ஓடிக்கொண்டிருப்பதுண்டு; அவற்றுக்குத் திருத்தங்கள் வருவதுமில்லை. புழு புகுந்து இயந்திரம் நின்றால், குறித்த நாளில் சரக்குப் போகாது. நாட்கூலி பெறுபவரின் வீட்டில் அடுப்பும் தயங்கும்.

கல்லூரிக்குச் செல்லும் மகள், புராஜக்ட் அறிக்கையை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகிறாள். ஒரு நாளில் எத்தனையோ பேருடைய பென் டிரைவ்கள் செருகப்படும் கம்ப்யூட்டர் அது. அவற்றுள் ஒன்றில் புழு இருந்தாலும், மாலைக்குள் அது பல வீடுகளுக்குக் குடியேறிவிடும். கடைக்காரரைப் பழிப்பது முறையன்று, அவரும் பாதிக்கப்பட்டவரே.

பங்கு அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளின் விவரங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றப்படும் காலம் இது. திருவிழா அழைப்பிதழ், பாடல் தாள், நிழற்படங்கள் என்று பென் டிரைவில் எத்தனை கைகள் மாறுகின்றன! திருமுழுக்குச் சான்றிதழ் இன்றித் திருமண ஏற்பாடு நகர்வதில்லை என்பதை நாம் அறிவோம். தாளில் எழுதிய பதிவேட்டைப் பத்திரமாகக் காப்பதில் பொருள் உண்டு.

செய்யத்தக்கவை

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை, ஒழுங்கே தேவை.

முதலாவதாக, கம்ப்யூட்டருக்கு வரும் திருத்தங்களைத் தள்ளிப் போடாமல் ஏற்றுங்கள். மேலே கண்ட ஓட்டைகள் யாவும் அடைக்கப்பட்டவை. அடைக்காமல் விட்ட வீடுகளிலேயே திருடன் தொடர்ந்து நுழைந்தான்.

இரண்டாவதாக, வெளியே சென்று வந்த பென் டிரைவைத் திறக்குமுன் வைரஸ் தடுப்புப் புரோகிராமைக் கொண்டு சோதியுங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் அது உடன் வருகிறது. இந்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 பிப்ரவரி 21-ஆம் நாள் தொடங்கப்பட்டபோது, பென் டிரைவ் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் ‘யு.எஸ்.பி. பிரதிரோத்’ என்ற இலவசப் புரோகிராமும் வெளியிடப்பட்டது.

மூன்றாவதாக, ஜெராக்ஸ் கடைக்கெனத் தனிப் பென் டிரைவ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அச்செடுக்க வேண்டியது மட்டுமே அதில் இருக்கட்டும். குடும்பப் படங்களும் வங்கிக் காகிதங்களும் அதில் வேண்டாம்.

நான்காவதாக, வழியில் கிடந்த பென் டிரைவைச் செருகிப் பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென் டிரைவ்களை வேண்டுமென்றே போட்டு வைத்தனர். நூற்றுக்கு 45-க்குக் குறையாதவை செருகப்பட்டு, உள்ளிருந்த கோப்புகளும் திறக்கப்பட்டதாக 2016-இல் அவர்கள் அறிவித்தனர். எடுத்தவர்களுள் உரியவரிடம் திருப்பித் தர விரும்பிய நல்ல மனிதரும் இருந்தனர். நன்மனம் மட்டும் போதாது, விவேகமும் வேண்டும்.

ஐந்தாவதாக, முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்திலும் நகல் வையுங்கள். அந்த நகல் எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியபடியே இருத்தல் கூடாது.

போல்டர்கள் எல்லாம் திடீரென ஷார்ட்கட்டாக மாறியிருப்பதைக் கண்டால் பதற்றப்பட்டு அனைத்தையும் அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் நம் கோப்புகள் அங்கேயே மறைந்திருக்கும். விவரம் அறிந்தவரைக் கொண்டு மீட்கலாம்.

சொல்லும் கடமை

வஞ்சக எண்ணத்தோடு பிறர் கம்ப்யூட்டரில் இத்தகைய கேட்டைப் புகுத்துவோருக்கு, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மூன்றாண்டுகள் வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. அறியாமல் சுமந்து சென்ற மாணவனை நோக்கி அச்சட்டம் விரல் நீட்டுவதில்லை. ஆனால் மனச்சான்று வேறொரு கேள்வியைக் கேட்கிறது: அறிந்த பின்னர் நீ என்ன செய்தாய்?

தன் பென் டிரைவில் புழு இருந்ததைக் கண்டுபிடித்தவர், அதைத் துடைத்துவிட்டு வாய்மூடி இருப்பதே வழக்கம். “அவர்கள் நம்மைத் தவறாக எண்ணுவார்களே” என்ற கூச்சம். அந்த மௌனத்தால்தான் புழு நீண்ட நாள் வாழ்கிறது. சென்ற வாரம் யார் வீட்டில், எந்த அலுவலகத்தில் அதைச் செருகினோம் என்று நினைவுபடுத்தி, “என் பென் டிரைவில் புழு இருந்தது, உங்கள் கம்ப்யூட்டரையும் சோதித்துப் பாருங்கள்” என்று சொல்லிவிடுவது, வீட்டில் அம்மை கண்டவர் அண்டை வீட்டாரை எச்சரிப்பதற்கு ஒப்பான பிறரன்புச் செயல்.

பெற்றோருக்கும் ஒரு சொல். புழு வந்துவிட்டதென்று சொன்ன பிள்ளையைக் கடிந்துகொண்டால், அடுத்த முறை அப்பிள்ளை மறைக்கவே கற்றுக்கொள்ளும். உண்மையைச் சொன்னதற்காக முதலில் பாராட்டுங்கள். சோதிக்கும் முறையைப் பிறகு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். வேலையாட்கள் களையைக் கண்டதும் ஒளிக்காமல் வீட்டுத் தலைவரிடம் சென்று சொன்னார்கள். உவமையின் அந்தப் பகுதியும் நமக்காகவே கூறப்பட்டது.