எனக்கு மீன் பிடிக்கும்

சிக்கல் ஊருக்குத் தெற்கே, வாலிநோக்கம் கரையில் மீன் வாங்க நிற்கும் ஒருவருக்கு ஸ்பானிஷ் சொல்லித்தர வேண்டுமென்றால் முதல் வாக்கியத்தைத் தேட வேண்டியதில்லை. ‘எனக்கு மீன் பிடிக்கும்.’ ஸ்பானிஷில் அது ‘மே குஸ்தா எல் பெஸ்காதோ’. ‘மே’ எனக்கு, ‘குஸ்தா’ பிடிக்கும், ‘எல் பெஸ்காதோ’ மீன். எழுவாய் மீன்தான். ஆசைப்படுகிற ஆள் நம் நான்காம் வேற்றுமையைப் போலவே ஓரமாக நிற்கிறார்.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் திணறுகிறார்கள். அங்கே ‘நான்’ எழுவாய், மீன் செயப்படுபொருள். ஸ்பானிஷுக்கு வரும்போது வாக்கியத்தையே புரட்டிப் போட வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளும் ஆங்கிலப் பாடநூலைப் பிடித்துக்கொண்டு அதே சுற்றுவழியில் போவது வருத்தம் தருகிறது. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதும் அப்படித்தான்: ‘மே துயெலே லா கபேசா’. இரண்டு மொழியிலும் ‘என் தலை’ என்று சொல்லத் தேவையில்லை.

கவனிக்க வேண்டிய இடமும் உண்டு. மீன் பிடிக்கும், நண்டுகள் பிடிக்கும் என்று தமிழில் வினை மாறாமல் நிற்கும். ஸ்பானிஷில் நண்டுகள் பல என்பதால் ‘மே குஸ்தான் லோஸ் கங்க்ரேஹோஸ்’ என்று வினையும் பன்மையாகும். பசிக்கு நம் வழி செல்லாது. ‘தெங்கோ ஆம்ப்ரே’, அதாவது பசி என்னிடம் இருக்கிறது என்கிறார்கள்.

மீனுக்கே இரண்டு சொல். கடலில் நீந்தும்வரை ‘பேஸ்’. வலையில் ஏறி, விலைக்கோ சமையலுக்கோ வந்துவிட்டால் ‘பெஸ்காதோ’, பிடிபட்டது.

‘சிக்கல்ல இருந்து வாரேன்’ என்பதற்கு ‘வெங்கோ தே சிக்கல்’. ‘நான்’ இல்லாமலே யார் வருவது என்பதை வினையின் விகுதி சொல்லிவிடுகிறது. வருகிறாய் என்றால் ‘வியெனெஸ்’. வருகிறான், வருகிறாள் இரண்டுக்கும் ‘வியெனே’ ஒன்றே. நம் ‘இருந்து’ ஊர்ப்பெயருக்குப் பின்னால் வரும். அவர்களுடைய ‘தே’ முன்னால் வந்துவிடும்.

இதே கரையில் எதிர்த்திசையில் நடந்தவர் என்றிக்கே என்றீக்கசு. ஸ்பானிஷுக்கு உடன்பிறப்பான போர்ச்சுகீசியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இந்த இயேசு சபைப் பாதிரியார், 1540களின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1549இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டபின், இங்கிருந்த சபையினருக்குத் தலைவரானார். கடற்கரை மக்கள் பேசிய தமிழைக் கேட்டு, அதன் பெயர்களையும் வினைகளையும் லத்தீன் வாய்பாட்டில் அடுக்கி, போர்ச்சுகீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹைன், வி.எஸ். ராஜம் இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் வெளிவந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலும் அவர் மொழிபெயர்த்ததே. தெரிந்த மொழியை ஏணியாக்கித் தெரியாத மொழிக்குள் இறங்கியவர் அவர். தமிழிலிருந்து ஸ்பானிஷுக்குப் போக அப்படியொரு நூல் நம் கையில் இருக்க வேண்டும்.

மீண்டும் பாடத்துக்கு வருவோம். கடைக்காரப் பெரியவரிடம் ‘நீ’ என்பதற்குரிய ‘தூ’ வேண்டாம். ‘கோமோ எஸ்தா உஸ்தெத்?’ என்றால் ‘நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?’ அந்த ‘எஸ்தா’வுக்குப் பதில் ‘எஸ்’ என்று எப்போது வரும் என்பதை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)