விதை நெல்லும் புற்றுநோய் ஆராய்ச்சியும்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது புற்றுநோய் என்று தெரிந்தால் முதலில் ஓடுவது பரேலுக்குத்தான். 1941-ல் தொடங்கிய டாடா மெமோரியல் ஆஸ்பத்திரியை அறியாத வீடு தாராவியிலோ மாட்டுங்காவிலோ கிடையாது. ஆனால் அங்கே தரப்படும் ஒரு மருந்து எங்கே, யார் பணத்தில் பிறந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்க நேரமும் இருக்காது, பாவம்.

நான் ஓய்வு பெறும்வரை ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவன். விஞ்ஞானி இல்லை, விஞ்ஞானிகளின் ரசீதுகளைப் பார்த்தவன். ஆகவே இந்தக் கட்டுரையில் மருத்துவத்தை விடப் பணம்தான் அதிகம் வரும், பொறுத்தருள்க.

'சீட் ஃபண்டிங்' என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். நமக்கு விதை நெல் என்றால் சட்டென்று புரியும். வீட்டில் பசி இருந்தாலும் விவசாயி விதை நெல்லில் கை வைக்கமாட்டான். ஆராய்ச்சியில் அந்த நெல் எதற்கு? பெரிய மானியம் தரும் குழு முதலில் கேட்பது, "ஆரம்பகட்ட முடிவுகள் எங்கே?" என்றுதான். முடிவு வேண்டுமானால் சோதனை செய்யவேண்டும். சோதனைக்குப் பணம் வேண்டும். பணத்துக்கு முடிவு வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பது போன்ற சிக்கல்.

இரண்டு துறைக்காரர்கள் சேர்ந்துவிட்டால் சிக்கல் இன்னும் கூடும். டாக்டரும் எஞ்சினியரும் சேர்ந்து எழுதிய திட்டத்தை மருத்துவக் குழு, "இது பொறியியல்" என்று தள்ளும். பொறியியல் குழு, "இது மருத்துவம்" என்று திருப்பும். அப்படி அலைந்த கோப்புகள் என் மேஜைக்கே வந்ததுண்டு. விதைநிதி இந்த இடத்தில்தான் உதவும். தொகை பெரிதல்ல. ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகை, கொஞ்சம் ரசாயனம், கருவி வாடகை, போக்குவரத்து என்று ஓடிவிடும். தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை என்ற சௌகரியமும் உண்டு. தோற்க இடமில்லாத பணத்தில் புதிதாக எதுவும் முளைக்காது என்பது என் அபிப்பிராயம்.

நம் ஊரிலேயே நடந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. பவாயில் உள்ள ஐ.ஐ.டி.யில் 2013-ல் சேர்ந்தவர் பேராசிரியர் ராகுல் புர்வார். நோய் எதிர்ப்பு அணுக்களை ஆராய்பவர். டாடா மெமோரியலில் குழந்தைகள் புற்றுநோய் மருத்துவர் கௌரவ் நரூலா. இவர்களும் இவர்களுடைய குழுக்களும் கைவைத்த விஷயம் கார்-டி செல் சிகிச்சை. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்கள் என்ற வெள்ளணுக்களைப் பிரித்து எடுப்பார்கள். தீங்கு செய்யாதபடி மாற்றப்பட்ட ஒரு வைரஸ் மூலம் அவற்றுக்குள் புதிய மரபணுவைச் செலுத்துவார்கள். அதனால் அந்தச் செல்களின் மேல் ஒரு கொக்கி முளைக்கும். ரத்தப் புற்றுச் செல்களின் மேலுள்ள சிடி-19 என்ற அடையாளத்தை அது பிடித்துக்கொள்ளும். செல்களைப் பெருக்கி அதே நோயாளிக்குத் திரும்ப ஏற்றுவார்கள். அவரவர் செல்லே அவரவர் மருந்து.

இதை ஒரு துறைக்காரர் தனியாகச் செய்யவே முடியாது. கொக்கியை வடிவமைப்பவர், வைரஸ் தயாரிப்பவர், கிருமி அண்டாமல் செல் வளர்ப்பவர், நோயாளியின் காய்ச்சலையும் ரத்த அழுத்தத்தையும் ராத்திரி முழுக்கக் கவனிப்பவர் எல்லோரும் வேண்டும். ஆரம்ப கட்டத்துக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் பைராக் அமைப்பு கைகொடுத்தது. அந்த நாற்று வளர்ந்த பிறகுதான் முதல் மனிதப் பரிசோதனைக்கு 19.15 கோடி ரூபாய் அனுமதியானது. 2021 ஜூன் 4 அன்று கார்கரில் உள்ள டாடா நினைவு மையத்தின் ஆக்ட்ரெக் வளாகத்தில் முதல் நோயாளிக்குச் செல்கள் ஏற்றப்பட்டன. 2023 அக்டோபரில் அரசு அனுமதி. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு பவாய்க்கு வந்து அறிமுகம் செய்தார். பெயர் நெக்ஸ்கார்-19.

விலையைச் சொல்லவேண்டும். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கார்-டி மருந்து கிம்ரையா. அதன் அறிவிப்பு விலை 4,75,000 டாலர், அன்றைய கணக்கில் சுமார் 3 கோடி ரூபாய். நம்முடையது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு என்றார்கள். அதுவும் லட்சக்கணக்கில்தான், நடுத்தரக் குடும்பம் வீட்டை அடகு வைக்கிற தொகைதான். ஆனாலும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாதது இப்போது கடன் வாங்கியாவது எட்டும் தூரத்துக்கு வந்திருக்கிறது.

அமெரிக்கக் கதையின் தொடக்கமும் இப்படித்தான். மார்பகப் புற்றுநோய்க்கு மருமகளைப் பறிகொடுத்த ஒரு தம்பதி 2001-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜூனுக்கு ஆரம்பப் பணம் தந்தவர்களில் அவர்களும் உண்டு. 2010-ல் மூன்று நோயாளிகளோடு கையிருப்பு தீர்ந்துபோனது. அந்த மூன்று பேரின் முடிவுகள் 2011-ல் வெளியான பிறகுதான் மருந்துக் கம்பெனி தேடி வந்தது. 2012-ல் எமிலி வைட்ஹெட் என்ற குழந்தைக்கு இதே சிகிச்சை நடந்தது. இன்று அவள் வளர்ந்த பெண்.

இதைப் படித்துவிட்டு எல்லாப் புற்றுநோய்க்கும் மருந்து வந்துவிட்டது என்று உறவினருக்கு ஃபோன் செய்துவிடாதீர்கள். மற்ற சிகிச்சைகள் பலிக்காத, அல்லது குணமாகி மீண்டும் வந்த சிலவகை ரத்தப் புற்றுகளுக்கும் நிணநீர்ப் புற்றுகளுக்கும் மட்டுமே இது. 2025-ல் 'லான்செட் ஹீமட்டாலஜி' இதழில் வந்த முடிவின்படி, பலனை மதிப்பிட முடிந்த 51 பேரில் 73 விழுக்காட்டினருக்குப் பலன் தெரிந்தது. மீதிப் பேருக்கு இல்லை. பக்க விளைவுகளும் கடுமையானவை. யாருக்குப் பொருந்தும் என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

2012-ல் தொடங்கிய தேசிய புற்றுநோய்க் கூட்டமைப்பில் பரேலோடு அடையாறு புற்றுநோய் மையமும் வேலூர் சி.எம்.சி.யும் இருக்கின்றன. ஆஸ்பத்திரிகளை ஆஸ்பத்திரிகளோடு இணைக்க இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஆஸ்பத்திரியைப் பக்கத்து ஊர் எஞ்சினியரிங் கல்லூரியோடு இணைக்கும் பணம்தான் குறைவு. நாம் நன்கொடை கொடுக்கும்போது பெரும்பாலும் "ஏழை நோயாளிக்கு" என்று எழுதுகிறோம். அது வேண்டியதுதான், குறைக்கவேண்டாம். "ஆராய்ச்சிக்கும் பெற்றுக்கொள்வீர்களா?" என்று கூடவே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், பெற்றுக்கொள்வோம் என்றால் அதையும் கடிதத்தில் எழுதி, ரசீதிலும் குறிக்கச் சொல்லுங்கள். கணக்குப் பிரிவுக்காரர் அதை வேறு தலைப்பில் மாற்ற முடியாது.