ஆன்ஃபீல்டுக்கு மேட்ச் பார்க்கப் போகும் பிள்ளைக்கு: டிக்கெட்டும் தொழுகையும்

இங்கிலாந்துக்குப் படிக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குச் சின்ன வயதிலிருந்தே ஏதாவது ஒரு கால்பந்து அணியின் மீது பிரியம் உண்டு. ஊரில் நள்ளிரவு வரை விழித்திருந்து டிவியில் பார்த்த அணியை நேரில் பார்க்கும் ஆசை, அங்கே போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே வந்துவிடுகிறது. அண்மையில் ஒரு தகப்பனார் நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், மகன் லண்டனிலிருந்து லிவர்பூலுக்கு மேட்ச் பார்க்கப் போறானாம். குடிச்சிட்டுக் கூத்தடிக்கிற இடம்னு சொல்றாங்க. போகவிடலாமா?" என்று கேட்டார். மகன் ஆர்சனல் ரசிகர். போவது லிவர்பூல் அணியின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டுக்கு. அதாவது, எதிரணி ஆதரவாளராக, முதல்முறையாக.

தொழுகை தவறாமல், சூது கலக்காமல், நாவு கெடாமல் இருக்கும் வரை ஆட்டம் பார்ப்பதில் தடையில்லை என்பது நாம் சரிகாணும் கருத்து. ஆனால் அந்த "இருக்கும் வரை" என்பதைக் காப்பாற்றுவது மைதானத்தில் போய் முடிவு செய்யும் காரியம் அல்ல. ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே யோசிக்க வேண்டியது அது.

முதலில் ஆட்டத்தின் டிக்கெட். ஆன்ஃபீல்டில் 61,000 பேருக்கு மேல் உட்காரலாம். வரும் அணியின் ஆதரவாளர்களுக்கு ஏறத்தாழ 3,000 இடங்களே. இவர்களுக்கான டிக்கெட்டின் விலை 2016 முதல் 30 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று பிரீமியர் லீக் கிளப்புகள் வரம்பு வைத்திருக்கின்றன. விலை குறைவு, ஆனால் கிடைப்பது கடினம். அவரவர் கிளப் மூலமாகவே விற்பனை. முன்பு பல ஆட்டங்களுக்குப் போன உறுப்பினர்களுக்கே முன்னுரிமை. புதியவர் முதல் ஆண்டிலேயே எதிர்பார்க்க முடியாது.

இந்த இடத்தில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். ஒன்று, வெளியே கூடுதல் விலைக்கு விற்பவரிடம் வாங்குவது. கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது அங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரண்டு, வேறொருவர் பெயரிலுள்ள சிறுவர் டிக்கெட்டையோ முதியோர் டிக்கெட்டையோ கைப்பேசியில் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைவது. நாட்டுச் சட்டம் இருக்கட்டும், நான் இன்னார் என்று பொய்யான அடையாளத்தைக் காட்டுவது நம் மார்க்கத்தில் என்னவென்று பிள்ளைக்குத் தெரியும். மூன்று, லிவர்பூல் ஆதரவாளர்களின் பகுதியில் டிக்கெட் எடுத்து, ஆர்சனல் ரசிகர் என்பதை மறைத்துக்கொண்டு உட்காருவது. கண்டுபிடித்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். கோல் விழும்போது கத்தாமல் இருப்பது எல்லோராலும் முடியாது! நேர்வழியில் கிடைக்கவில்லையென்றால் அடுத்த ஆட்டத்துக்குப் பொறுத்திருப்பதே சரி.

தேதியும் நம்பிக்கைக்குரியது அல்ல. சனிக்கிழமை பகல் 3 மணி என்று அட்டவணையில் இருக்கும் ஆட்டம், தொலைக்காட்சிக்காக ஞாயிறு மாலை 4.30-க்கோ திங்கள் இரவுக்கோ மாறிவிடும். மாற்றம் அறிவிக்கப்பட்ட பிறகே ரயிலுக்குப் பணம் கட்ட வேண்டும். சலுகை விலை ரயில் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியாது.

இனி தொழுகை. டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, 3 மணி ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பருவத்தில் லிவர்பூலில் லுஹர் 12.10 அளவில் நுழைகிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் 1.40-க்குள், ஹனஃபி மத்ஹபின்படி 2.10-க்குள் நுழைந்துவிடும். சூரியன் மறைவது 3.55-க்குச் சற்று முன்னால். நம்மூர்க் கணக்கில் பழகியவருக்கு நம்பவே முடியாது. காலை ரயிலில் வந்து இறங்கி, ஊர் சுற்றி, 2 மணிக்கு மைதானத்துக்குள் போய்விட்டால் லுஹரும் அஸரும் சேர்ந்தே கை நழுவும். ஆட்டத்தின் முதல் பாதி முடிவதற்குள் அஸரின் நேரம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

எனவே இரண்டையும் வெளியிலேயே முடித்துவிட வேண்டும். அதற்கு மிகப் பொருத்தமான இடம் ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. வெஸ்ட் டெர்பி சாலையோரம், ஆன்ஃபீல்டுக்கு அரை மணி நேர நடையில், அப்துல்லாஹ் குவில்லியம் பள்ளிவாசல். லிவர்பூல் வழக்கறிஞரான குவில்லியம் மொராக்கோ சென்று வந்த பின் 1887-இல் இஸ்லாத்தை ஏற்றவர். 1889-இல் அவர் அங்கே திறந்ததுதான் இங்கிலாந்தின் முதல் பள்ளிவாசல் என்று சொல்லப்படுகிறது. அவர் ஊரை விட்டுப் போன பிறகு அந்தக் கட்டடம் நெடுங்காலம் பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகமாக இருந்தது. 2014-இல்தான் மீண்டும் தொழுகைக்குத் திறந்தார்கள். மேட்ச் பார்க்கப் போகிறவர் அங்கே இரண்டு வேளை ஸஜ்தா செய்துவிட்டுப் போகட்டும். ஜமாஅத் நேரத்தை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

லண்டனிலிருந்து போகிறவர் 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்வதால் முஸாஃபிர், கஸ்ர் செய்வார். ஷாஃபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும் ஜம்உ செய்துகொள்ளலாம். ஹனஃபிகளுக்கு அந்தச் சலுகை இல்லை, அவர்கள் 2.10 வரை பள்ளியிலேயே இருந்து அஸரையும் தொழுதுவிட்டு வேகமாக நடக்க வேண்டும். மான்செஸ்டரில் இருக்கும் பிள்ளைக்கோ தூரம் 50 சொச்சம் கிலோமீட்டர்தான். கஸ்ரும் இல்லை, ஜம்உவும் இல்லை. இதைக் கவனிக்காமல் நண்பர்கள் செய்வதைப் பார்த்து இரண்டு ரக்அத் தொழுதவர்களை நாம் அறிவோம். பாவம் செய்வதற்காகவே புறப்பட்ட பயணத்துக்கு இந்தச் சலுகைகள் கிடையாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. பந்தயம் கட்டுவதற்காகவே போகிறவர் அதையும் யோசிக்கட்டும்.

மஃரிப் கொஞ்சம் நுணுக்கமானது. இடைவேளை 3.48 அளவில் தொடங்கி 15 நிமிடம் நீடிக்கும். தொடங்கும்போது மஃரிப் நுழைந்திருக்காது, முடிவதற்குள் நுழைந்துவிடும். ஒளுவோடு இருந்தால், இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள நடைகூடத்தில் ஓர் ஓரமாக மூன்று ரக்அத் தொழ ஐந்து நிமிடம் போதும். கழிப்பறை வரிசை நீளமாக இருக்கும் என்பதால், ஒளு செய்து தோல் காலுறை அணிந்து போவது குளிருக்கும் உதவும், மஸ்ஹு செய்யவும் உதவும். கிப்லா தென்கிழக்கு. சில மைதானங்களில் தொழுகை அறையே இருக்கிறது. வரும் அணியினரின் பகுதியிலிருந்து அங்கே போக முடியுமா என்று கிளப்புக்கு முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும். வாய்ப்பில்லையென்றால், ஆட்டம் 5 மணி அளவில் முடிந்ததும் வேறெதற்கும் நிற்காமல் தொழ வேண்டும்; நேரம் அதிகம் மிஞ்சாது. ஷாஃபிஈ முஸாஃபிர் மஃரிபை இஷாவோடு சேர்க்க நினைத்தால், மஃரிபின் நேரத்துக்குள்ளேயே அந்த நிய்யத்தை வைத்துவிட வேண்டும்.

மதுவைப் பற்றித் தகப்பனார் பயந்தது முழுக்கச் சரியல்ல. ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்துவதை 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நடைகூடத்தில் விற்பார்கள், இருக்கைக்குக் கொண்டுவர முடியாது. நெருக்கடி அதிகம் வெளியிலுள்ள மதுக்கடைகளில்தான்; அங்கே கூடுவதைத் தவிர்த்தால் போதும். சாப்பாட்டில் கவனம் வேண்டும். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும்தானே என்று வாங்கினால், மீனின் மேல்மாவில் பீர் சேர்த்திருக்கலாம். வட இங்கிலாந்தில் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் நிறைய. கேட்டு வாங்க வேண்டும். பை பெரிதாக இருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், மெல்லிய முஸல்லா ஒன்றைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டால் போதும். மனைவி, சிறு பிள்ளைகளோடு போக நினைப்பவர்களுக்கு ஒன்று: வரும் அணியினரின் பகுதியில் பெரும்பாலோர் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டேதான் இருப்பார்கள். குழந்தைக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். காதில் விழும் வசவும் நல்லதல்ல.

வசவை விடப் பெரிய ஒன்றைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஆட்டம் பார்க்கப் போன லிவர்பூல் ஆதரவாளர்கள் கூட்ட நெரிசலில் நசுங்கினார்கள். மொத்தம் 97 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் பைகளில் ரசிகர்களே திருடினார்கள் என்று 'தி சன்' நாளிதழ் சில நாட்களில் முதல் பக்கத்தில் எழுதியது. அத்தனையும் பொய். ரசிகர்கள் மேல் தவறில்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை ஜூரி சொல்ல 2016 வரை ஆனது. 27 ஆண்டுகள் அந்தத் தாய்மார்கள் பிள்ளைகளின் மௌத்தோடு பிள்ளைகள் மேல் விழுந்த அவதூறையும் சுமந்தார்கள். இன்றும் அந்த ஊரில் பலர் அந்த நாளிதழைத் தொடுவதில்லை. இறந்தவர்களின் பெயர்கள் ஆன்ஃபீல்டு நினைவிடத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

எதிரணி வரிசைகளில் சிலர் இந்தச் சாவுகளைக் கேலி செய்து பாடுவதுண்டு. சுற்றி நிற்பவர்கள் பாடும்போது வார்த்தை புரியாமலே புதியவரின் வாயும் சேர்ந்துவிடும். புஹ்தான் என்பதை ஓதித் தெரிந்த வீட்டுப் பிள்ளை அதில் சேரக்கூடாது. சேர்ந்தால் வழக்கும் மைதானத் தடையும் வரும். மாணவர் விசாவில் இருப்பவருக்கு அது சாதாரணமல்ல. புரியாத பாட்டுக்கு வாயைத் திறக்காதே என்று ஒரே வரியில் சொன்னால் போதும். ஆட்டத்துக்கு முன் நேரமிருந்தால் நினைவிடத்தின் முன்னால் ஒரு நிமிடம் நிற்கட்டும். அணிச் சட்டையை மேலங்கி மூடியிருக்கட்டும்.

திரும்பும்போதும் அந்த மேலங்கி அப்படியே இருக்கட்டும். மைதானத்திலிருந்து லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையம் போக, கூட்டத்தோடு நடந்தால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை இரவு லண்டனுக்குக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முன்பே பார்த்து வைக்க வேண்டும். இஷாவை ரயில் ஏறும் முன்பே தொழுதுவிடலாம், நேரம் நுழைந்திருக்கும்.