இரைப்பைச் சுவருக்குள் மறைந்திருக்கும் கட்டி

வயிற்றெரிவு என்றால் மருந்தகத்தில் ஒரு குளிசை அட்டை; சோர்வு என்றால் இரும்புச்சத்துக் குளிசை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மட்டுமன்றி எங்கும் காணப்படும் பழக்கம் இது. பெரும்பாலானோருக்கு இதனால் தீங்கு நேர்வதில்லை. ஆயினும், மலம் கறுத்துப் போவதும் காரணமறியாக் குருதிச்சோகையும் இரைப்பையினுள் குருதி கசிவதன் அறிகுறிகளாகலாம். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்குவதால் கசிவு கவனிக்கப்படாமற் போவதுண்டு. அக்கசிவுக்கான அரிய காரணமொன்றையே இங்கு விளக்க விரும்புகின்றோம்.

‘ஜிஸ்ட்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இக்கட்டி, மென் இழையப் புற்றுநோய் வகையைச் சேர்ந்தது. ஆண்டுதோறும் பத்து இலட்சம் பேரில் ஏறத்தாழ 10 முதல் 15 பேருக்கே ஏற்படுகின்றது. இவற்றுள் அரைவாசிக்கு மேற்பட்டவை இரைப்பையில் தோன்றுகின்றன. வழமையான இரைப்பைப் புற்றுநோய் உட்புறச் சவ்வில் ஆரம்பிக்கின்றது. ஜிஸ்ட் கட்டியோ பெரும்பாலும் சவ்வுக்கு அடியிலுள்ள தசைப் படையில் உருவாகின்றது.

சிக்கல் இங்கேயே எழுகின்றது. வாய்வழியாகக் கமெராவைச் செலுத்திச் செய்யப்படும் எண்டோஸ்கோப்பியில் ஒரு புடைப்பு மட்டுமே தெரியலாம். அதன் மேற்புறச் சவ்விலிருந்து கிள்ளியெடுக்கும் சிறு துண்டு ‘புற்றுநோய் இல்லை’ என்ற முடிவைத் தரக்கூடும். அம்முடிவு சவ்வைப் பற்றியது. அடியிலுள்ள கட்டியைப் பற்றியதன்று.

இக்குறையை நிவர்த்தி செய்வதே எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் பரிசோதனை. குழாயின் நுனியிலேயே சிறிய ஸ்கேன் கருவி பொருத்தப்பட்டிருக்கும். அது இரைப்பையின் உள்ளிருந்தே நோக்குவதால் சுவரின் ஐந்து படைகளும் தனித்தனியே தெரிகின்றன. கட்டி எந்தப் படையில் எழுந்தது, எவ்வளவு பெரியது என்பனவற்றை அறியலாம். எனினும் படம் மட்டும் போதாது. தீங்கற்ற தசைக் கட்டியும் அதே படையில் தோன்றக்கூடும். ஆகவே, அதே குழாயினூடாக மெல்லிய ஊசியைச் செலுத்தி மாதிரி எடுத்து, ‘கிட்’ எனும் புரதம் உள்ளதா என ஆராய்கின்றனர். ஊசி பட்டால் நோய் பரவும் என்ற அச்சம் நம்மவரிடையே உண்டு. இம்முறையில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டிகள் சிலவேளை கண்காணிப்பில் மட்டும் வைக்கப்படுகின்றன. எளிதில் அகற்றத்தக்க கட்டிக்கு ஊசிப் பரிசோதனையின்றியே சத்திரசிகிச்சை செய்யப்படுவதுமுண்டு.

நோயின் பெயரைச் சரியாக அறிவது ஏன் முக்கியம்? வழமையான புற்றுநோய் மருந்துகளுக்கு ஜிஸ்ட் பெரிதும் கட்டுப்படுவதில்லை. ‘கிட்’ மரபணு மாற்றமே இதன் பிரதான காரணம் என்பதை 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அதன் செயலைத் தடுக்கும் இமாட்டினிப் குளிசைக்கு 2002இல் அமெரிக்கா இந்நோய்க்காக அனுமதி வழங்கியது. அம்மருந்தின் ஒரு வடிவத்துக்குக் கோரப்பட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தமையால், மலிவான இந்தியத் தயாரிப்புகள் தொடர வழி பிறந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இதனை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

பரிசோதனைக்கு முன் சுமார் ஆறு மணித்தியாலம் உணவு தவிர்க்க வேண்டும். நீரிழிவுக்கோ குருதி உறைவுக்கு எதிராகவோ மருந்து எடுப்போர் அதனை முற்கூட்டியே வைத்தியரிடம் தெரிவிக்க வேண்டும். றமழானைக் காரணங்காட்டிப் பரிசோதனையைத் தாமதிக்க வேண்டியதில்லை. நோயாளர் நோன்பைப் பிறிதொரு நாளில் நோற்க மார்க்கமே இடமளித்துள்ளது.

அறிக்கையில் ‘சவ்வுக்கு அடியில் புடைப்பு’ எனக் குறிப்பிடப்பட்டிருப்பின், ‘புற்றுநோய் இல்லை’ என்ற வரியோடு திருப்தியடைந்து வீடு திரும்பலாகாது. அது எந்தப் படையில் உள்ளது, மேலதிகப் பரிசோதனை தேவையா என்ற இரு கேள்விகளையும் வைத்தியரிடம் கேட்டறிதல் அவசியமாகும்.