திருப்பத்தூர் தன் வீரர்களை எங்கே எழுதி வைக்கும்?

தை பிறந்துவிட்டால் திருப்பத்தூர் மாவட்டத்து ஊர்களில் எருது விடும் விழாக்கள் தொடங்கிவிடும். தெருவின் இரு பக்கமும் தடுப்பு கட்டி, காளைகளை ஒவ்வொன்றாக ஓட விடுவார்கள். குறித்த தூரத்தை மிகக் குறைந்த நேரத்தில் கடக்கும் காளைக்கு முதல் பரிசு. காளையின் பெயர், அதன் ஊர், எடுத்துக்கொண்ட நொடிகள் எல்லாம் ஒலிபெருக்கியில் முழங்கும். சென்ற ஆண்டு முதல் பரிசு வாங்கிய காளை எந்த ஊரைச் சேர்ந்தது என்று டீக்கடையில் கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் பதில் வரும். அதே ஊர் அரசுப் பள்ளியிலிருந்து மாநிலப் போட்டி வரை போய் ஓடிய பெண் யார், எத்தனை நொடியில் ஓடினார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருவது அரிது.

காளைக்குக் கிடைக்கும் நினைவு மனிதருக்கும் கிடைக்க வேண்டும். திருப்பத்தூர் மாவட்டம் 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்து உருவானது. அதுவரை ஆம்பூரிலோ, வாணியம்பாடியிலோ, நாட்றம்பள்ளியிலோ யார் என்ன சாதித்தாலும் அது வேலூர் மாவட்டத்தின் கணக்கில் ஏறியது. அதற்கும் முன்னால் வட ஆர்க்காட்டின் கணக்கில். மாவட்டம் பிரிந்தபோது கோப்புகள் பிரிந்தன, அலுவலகங்கள் வந்தன. இந்த மண்ணின் விளையாட்டு வரலாற்றை மட்டும் யாரும் பிரித்து எடுத்து எழுதவில்லை.

எழுதுவதென்றால் எதை எழுதுவது? பதக்கப் பட்டியல் போதாது. ஒரு வீரரின் வாழ்க்கையில் பதக்கம் வாங்கிய நாள் ஒன்றோ இரண்டோதான். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வாழ்க்கை புரியும். பக்கத்து ஊர்களிலும் சற்றுத் தொலைவிலும் உள்ள சிலரின் கதைகளைப் பார்ப்போம்.

சத்துவாச்சாரியில் தொடங்கியது

பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் வேலூர் சத்துவாச்சாரிக்காரர். 2014-லும் 2018-லும் அவர் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்றபோது திருப்பத்தூரும் வேலூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. ஆகவே அவரை நம் மாவட்டத்துக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கும் உண்டு. அப்பா சிவலிங்கம் முன்னாள் படைவீரர், தேசிய அளவில் பளு தூக்கியவர். வீட்டிலேயே ஒரு பளுதூக்கும் வீரர் இருந்ததால் மகனுக்கு முதல் பயிற்சியாளரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

பளுதூக்குதலில் இரண்டு முறைகள். ஸ்னாட்ச் முறையில் கம்பியை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். கிளீன் அண்ட் ஜெர்க்கில் முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்புகள். இரண்டிலும் தூக்கிய அதிகபட்ச எடைகளைக் கூட்டினால் வருவது மொத்தம். 2014-ல் கிளாஸ்கோவில் 77 கிலோ பிரிவில் சதீஷ் ஸ்னாட்சில் 149, அடுத்ததில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து கோல்ட் கோஸ்டில் அவர் தூக்கியது 317 கிலோ. எண்ணை மட்டும் பார்த்தால் பின்னடைவு போலத் தெரியும். ஆனால் தொடையில் காயத்தோடு, முழுத் தயாரிப்பு இல்லாமல் மேடையேறியவர் அவர். அந்த 317-ஐ அவர் வாழ்க்கையின் பெரிய எண்ணாகவே நான் கருதுகிறேன். பதக்கப் பட்டியலில் இரண்டு தங்கமும் ஒன்று போலத்தான் இருக்கும். வாழ்க்கையை எழுதினால்தான் இந்த வேறுபாடு தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சதீஷுக்குத் தென்னக ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஜோலார்பேட்டை ரயில் நிலையத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ரயில்வே வேலை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. இந்திய விளையாட்டு நிற்பதே ரயில்வே, ராணுவம், காவல்துறை, வங்கிகள் தரும் வேலைகளின் மேல்தான். மாதச் சம்பளம் உறுதியாக இருந்தால்தான் ஒருவர் 25 வயதுக்குப் பிறகும் பயிற்சிக்குப் போக முடியும். திறமை இருந்தும் வேலை கிடைக்காத எத்தனையோ பேரின் விளையாட்டு வாழ்க்கை கல்லூரி முடிந்த கையோடு முடிந்திருக்கிறது.

சேலம் பாதையில் இருவர்

திருப்பத்தூரில் ரயில் ஏறி மொரப்பூர், பொம்மிடி வழியாகப் போனால் சேலம். அந்த மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அம்மா சரோஜா காய்கறி விற்றும் கூலி வேலை செய்தும் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் இந்தப் பையனை உயரம் தாண்டச் சொன்னார். பெங்களூரில் சத்யநாராயணா என்ற பயிற்சியாளர் அவரை மெருகேற்றினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம்.

அன்று நாடு முழுவதும் அவர் பெயர் தெரிந்தது. ஆனால் மாரியப்பனின் பெருமை ரியோவோடு முடிந்துவிடவில்லை. 2021-ல் டோக்கியோவில் கொட்டும் மழையில், காலுறை நனைந்து கனத்த நிலையில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். 2024 மே மாதம் கோபேயில் நடந்த உலகப் போட்டியில் தங்கம். அதே ஆண்டு பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வரிசையாகப் படித்தால் இறங்குமுகம் என்று சிலர் நினைக்கலாம். எட்டு ஆண்டுகளில் அவருடைய தாண்டும் உயரம் குறைந்தது நான்கு சென்டிமீட்டர்தான். உலகத் தரத்தில் அத்தனை காலம் உடலை நிறுத்தி வைத்த உழைப்புக்காகவே அவரைக் கொண்டாட வேண்டும். டோக்கியோவுக்குப் பிறகு தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் பணியை மாநில அரசு அவருக்குத் தந்தது.

அதே மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் நடராஜனின் பாதை இன்னும் சுற்றி வந்தது. டென்னிஸ் பந்தில் விளையாடி வளர்ந்தவர். அம்மா சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தினார். 2015-ல் ரஞ்சி கோப்பையில் அடியெடுத்து வைத்ததுமே பந்து வீசும் முறை விதிக்கு உட்பட்டதுதானா என்று ஐயம் எழுந்தது. கையின் அசைவையே மாற்றிக் கற்றுக்கொண்டு மீண்டும் வந்தார். வலைப்பயிற்சிக்குப் பந்து வீசத்தான் 2020 இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் என மூன்றிலும் அறிமுகமாகித் திரும்பினார். இந்தியாவில் வேறு யாருக்கும் அதற்கு முன் அது வாய்த்ததில்லை. ஊர் அவரை ரதத்தில் ஏற்றி அழைத்துவந்தது. அந்த ஊர்வலத்தைவிட அவர் அதற்குப் பிறகு செய்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2023-ல் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு கிரிக்கெட் மைதானத்தைக் கட்டித் திறந்தார்.

அழிக்கப்பட்ட ஒரு வெள்ளி

எல்லா வாழ்க்கையும் ரதத்தில் ஏறுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். செங்கல் சூளையில் வேலை பார்த்த குடும்பத்தின் மகள். சில நாள்களிலேயே பாலினச் சோதனையில் தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவுமில்லை. தன் உடலைப் பற்றிய செய்தியை ஊரோடு சேர்ந்து தொலைக்காட்சியில் கேட்க வேண்டிய கொடுமை அவருக்கு நேர்ந்தது. அப்போதைய தமிழக அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் தந்து உடன் நின்றது. ஆனாலும் பிறகு அவர் சூளை வேலைக்கே போக நேர்ந்தது.

2009-ல் தென்னாப்பிரிக்காவின் ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யாவுக்கு இதே சிக்கல் வந்தபோது அவர் நாடே அவர் பின்னால் திரண்டது. ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை துத்தி சந்த் 2015-ல் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய், இத்தகைய சோதனைக்கு அடிப்படையான விதியையே நிறுத்தி வைக்கச் செய்தார். சாந்திக்கு அப்போது அப்படி வழக்காட யாரும் வரவில்லை. அவரே படித்து, தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயம் பெற்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளரானார். பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. வாழ்க்கையை எழுதும் ஏட்டில் அவர் பெயர் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மலைக்காற்றா, மலைப்பாதையா?

ஜவ்வாது மலையின் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஆகிய ஊராட்சிகள் திருப்பத்தூர் மாவட்டத்தில் வருகின்றன. மலைப் பிள்ளைகள் நன்றாக ஓடினால், "மலைக்காற்று அப்படி" என்று சொல்லிவிடுவது வழக்கம். கென்யாவை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் சரிபார்க்கலாம்.

உயரமான இடங்களில் காற்றின் அழுத்தம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. அதை ஈடுகட்டச் சிறுநீரகம் ஒரு ஹார்மோனைச் சுரந்து இரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டுகிறது. இது தெளிவாக நடக்க ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரமாவது வேண்டும். கென்யாவின் ஓட்டக்காரர்கள் பயிலும் ஈட்டன் சுமார் 2,400 மீட்டரில் இருக்கிறது. ஜவ்வாது மலையில் நம் காவலூர் வானாய்வகம் இருப்பதோ சுமார் 725 மீட்டரில். ஆகவே ஜவ்வாது மலைக் காற்று யாருக்கும் கூடுதல் சிவப்பணு தருவதில்லை. ஒரு பிள்ளை நன்றாக ஓடினால் அது ஏற்ற இறக்கத்தில் நடந்து பழகிய கால்களாலும், தினமும் எடுத்த பயிற்சியாலும்தான். இயற்கை கொடுத்தது என்று சொல்லும்போது அந்த உழைப்பை நாம் அவர்களிடமிருந்து எடுத்துவிடுகிறோம். மலையில் அவர்களுக்குக் குறைவாக இருப்பது சமதளமான மைதானமும், கீழே இறங்கிப் போட்டிக்குப் போய்வரப் பேருந்தும்.

கொண்டாடுவது எப்படி?

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். பேஸ்பால் வீரர்களுக்கான புகழ்க்கூடம் 1939-ல் அங்கே திறக்கப்பட்டது. ஆட்டத்தை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே ஒரு வீரரின் பெயர் அங்கே பரிசீலனைக்கு வரும். வெற்றியின் ஆரவாரம் ஓய்ந்த பிறகும் மனதில் நிற்பவர் யார் என்று பார்க்கும் அந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நாம் அமெரிக்கா வரை போகவும் வேண்டாம். ஜவ்வாது மலையும் செங்கம் வட்டாரமும் நடுகற்களுக்குப் பேர்போனவை. ஆநிரை மீட்டு இறந்தவனுக்குக் கல் நட்டு, அரசனின் ஆட்சியாண்டு, அவன் பெயர், ஊர், செய்த செயல் எல்லாவற்றையும் வெட்டி வைத்தார்கள். பல்லவர் காலத்துப் போர்வீரன் ஒருவனின் பெயர் இன்று நமக்குத் தெரிவது அதனால்தான். இந்த மண்ணுக்கு எழுதி வைக்கத் தெரியும்.

அரசின் பங்கும் இருக்கிறது. ஒலிம்பிக், பாராலிம்பிக் தங்கத்துக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி ரூபாய் என்று தமிழ்நாடு ஊக்கத்தொகை தருகிறது. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்ட அளவில் தொடங்கி மாநிலம் வரை நடக்கின்றன. இவை நல்ல திட்டங்கள். ஆனால் கோடிகள் உச்சிக்குப் போனவர்களுக்கானவை. மாவட்ட, மாநில அளவில் பத்து ஆண்டுகள் உழைத்து, பிறகு தோல் தொழிற்சாலையிலோ கரும்புத் தோட்டத்திலோ வேலைக்குப் போய்விட்டவர்களை உள்ளூர்தான் நினைவில் வைக்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் பழைய சான்றிதழ்களையும் படங்களையும் திரட்டி ஒரு பதிவேடு. மாவட்ட விளையாட்டு மைதானத்தில் பெயர், ஊர், விளையாட்டு, ஆண்டு, சாதனை பொறித்த ஒரு சுவர். பக்கத்திலேயே அவரை முதலில் களத்துக்கு அழைத்துவந்த பி.டி. மாஸ்டரின் பெயர். ஆண்டுக்கொருமுறை விளையாட்டை விட்டு விலகிய சிலரை மேடையேற்றி, இன்றைய பிள்ளைகள் முன் பேசவைக்கலாம். கபடி, கைப்பந்து, தடகளம், பளுதூக்குதல், மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் அந்தச் சுவரில் இடம் வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் தருகிறது. 58 வயது நிறைந்திருக்க வேண்டும். தேசிய, பன்னாட்டுப் போட்டிகளில் சாதித்ததற்கான சான்று வேண்டும். வருமான வரம்பும் உண்டு. உங்கள் தெருவில் அப்படி ஒரு பழைய வீரரோ வீராங்கனையோ இருந்தால், பெட்டியில் கிடக்கும் அவருடைய சான்றிதழ்களை எடுக்கச் சொல்லி, மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு நீங்களே அழைத்துப் போங்கள். விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள்.